பிளம்பர் வேலையல்ல

மருத்துவர் மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, பேனாவால் இரண்டு கோடுகள் இழுத்தார். நடுவில் இரு பக்கமும் மேடு போல வளைத்து, அந்த மேட்டைக் குறுக்குக் கோடுகளால் நிரப்பினார். ஒரு நூல் நுழையும் வழிதான் மிச்சம் இருந்தது. "இதுதான் உங்க அப்பாவோட குழாய். எண்பது பெர்சென்ட் பிளாக். எப்ப வேணும்னாலும் முழுசா அடைச்சிக்கலாம்." என் சித்தப்பா மகன் அந்தத் தாளையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "உடனே எடுத்துடலாம் சார்" என்றான். எதை எடுக்கப் போகிறார்கள் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சித்தப்பாவோ மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் சரியாகிவிடுகிறது என்று ஆறு மாதமாகச் சொல்லி வந்தவர். அன்று காலையும் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்துதான் வந்திருந்தார்.

சாயங்காலம் வீடு திரும்பினால், பக்கத்து வீட்டு அக்கா கையில் ஒரு பாட்டிலோடு நிற்கிறார். எலுமிச்சைச் சாறு ஒரு கப், இஞ்சிச் சாறு ஒரு கப், பூண்டுச் சாறு ஒரு கப், ஆப்பிள் சிடர் வினிகர் ஒரு கப். நாலு கப் மூன்றாகும் வரை கொதிக்கவிட்டு, ஆறியதும் தேன் கலந்தது. "வெறும் வயித்துல குடிக்கச் சொல்லு தம்பி. அடைப்பெல்லாம் கரைஞ்சி போயிடும். ஆபரேஷனே வேணாம்."

காலையில் பேசியவர் மருத்துவம் படித்தவர், மாலையில் பேசியவர் வாட்ஸப் படித்தவர். இருவரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. ஆனால் இருவரும் எங்களுக்குக் காட்டிய படம் ஒன்றேதான்: உப்புத் தண்ணீர் ஓடி ஓடி உள்ளே பொருக்குத் தட்டிப்போன பி.வி.சி. குழாய். ஒருவர் கம்பி விட்டுக் குத்திவிடலாம் என்கிறார், மற்றவர் ஆசிட் ஊற்றிவிடலாம் என்கிறார். நோயாளிகளும் வீட்டாரும் பத்திரிகைகளும் விளம்பரப் பலகைகளும் நம்புவது இந்தப் படத்தைத்தான். அது தவறு, தவறு மட்டுமல்ல ஆபத்தானது என்பதே என் வழக்கு.

முதல் குற்றவாளி நான். பதினொன்றாம் வகுப்புக்கு விலங்கியல் எடுத்தவன். கரும்பலகையில் மூன்று வட்டம் போட்டு உள்ளுறை, நடு உறை, வெளியுறை என்று வண்ணச் சாக்பீஸால் எழுதி, தமனிச் சுவர் தடிப்பு, சிரைச் சுவர் மெலிது, தந்துகிச் சுவர் ஒற்றை அடுக்கு என்று ஒப்பிக்க வைத்தவன். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். அந்தச் சுவர் என்ன வேலை செய்கிறது என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. குழாய்ச் சுவருக்கு என்ன வேலை இருக்கப்போகிறது, தண்ணீர் சிந்தாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர?

சொல்லும் சேர்ந்து கெடுத்தது. இரத்தக் குழாய் என்கிறோம். கொஞ்சம் மிடுக்காக இரத்த நாளம் என்றாலும் நாளமும் குழல்தான். பேச்சில் எல்லாமே நரம்பு. "நரம்பு கிடைக்கல" என்று செவிலியர் முழங்கை மடிப்பைத் தட்டுகிறார். காலில் முறுக்கிக்கொண்டு கிடக்கும் சிரைக்கு நரம்புச் சுருட்டல் என்று பெயர். உடற்கூற்றியல்படி இது சுத்தப் பிழை. இருந்தாலும் குழாயைவிட நரம்பு என்ற சொல்லே உண்மைக்குக் கிட்டத்தில் நிற்பதாக எனக்குத் தோன்றும். நரம்புக்கு உணர்ச்சி உண்டு என்பதாவது அதைச் சொல்கிறவர் மனதில் இருக்கிறது.

சந்தேகப்படுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போகலாம். ஆட்டு இதயம் வாங்கும்போது, மேலே ஒட்டியிருக்கும் வெளிர்மஞ்சள் துண்டை அறுத்துப் போட வேண்டாம் என்று சொல்லி வாங்குங்கள். அது மகாதமனியின் தொடக்கம். வெட்டிய வாய் வட்டமாகத் திறந்தே நிற்கும். பக்கத்தில் இருக்கும் சிரையின் வாயோ ஈரத்துணி போலப் படிந்துவிடும். மகாதமனிக்குள் விரலை விட்டு விரித்துப் பாருங்கள், அது விரியும். விரலை எடுத்தால் பழைய அளவுக்கு வந்து நிற்கும். சைக்கிள் டியூப் போல இழுபடும். வெந்த பிறகும் மெல்ல முடியாத ரப்பராகத்தான் இருக்கும்.

இந்த விரிதலும் சுருங்குதலும் வேடிக்கைக்கு இல்லை. இதயம் துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லி இரத்தத்தைத் தள்ளிவிட்டு ஓய்கிறது. இரும்புக் குழாயாக இருந்தால் இரத்தம் விட்டு விட்டுத்தான் பாயும். மகாதமனியோ ஒரு பங்கை வயிற்றில் வாங்கிக்கொண்டு உப்பி, இதயம் ஓய்ந்திருக்கும் நேரத்தில் சுருங்கி அதை முன்னே தள்ளுகிறது. இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு பெண் குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழலைச் செருகி, இரத்தம் எட்டடிக்கு மேல் ஏறியதை அளந்தவர். 1733இல் வெளியிட்ட நூலிலேயே அவர் இதைக் கண்டு சொல்லிவிட்டார். அக்காலத் தீயணைப்பு எந்திரத்தில் விட்டு விட்டு அடிக்கும் பம்பின் நீரைச் சீராகப் பீய்ச்ச வைக்கும் காற்றறையோடு அவர் தமனிகளை ஒப்பிட்டார். இதயத் தசைக்கு, குறிப்பாக இடப்பக்கத் தசைக்கு, இரத்தம் கிடைப்பது பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும் வேளையில். அந்த வேளையில் தள்ளுவது இந்தச் சுவர். இதயத்துக்கே சோறு போடுவது அது. வயதாகி அது விறைத்துப்போனால் மேல் அழுத்த எண் ஏறுவதும் இதனால்தான்.

சிறிய தமனிகளில் கதை வேறு. அங்கே ரப்பர் குறைவு, தசை அதிகம். மாடிப்படி ஏறும்போது கால் தசைக்குப் போகும் சின்னஞ்சிறு தமனிகள் திறந்துகொள்கின்றன, அதே நொடியில் குடலுக்குப் போகிறவை இறுகிக்கொள்கின்றன. பிரெஞ்சு மருத்துவர் புவாசே கண்டுபிடித்த கணக்குப்படி, ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். மயிரிழை சுருக்கினாலே போதும், மடை அடைத்தது போல ஆகிவிடும். ஆகவே ஊரெல்லாம் மடை திறந்து மூடும் வேலையை இந்தச் சுவர்கள் இரவும் பகலும் நம்மைக் கேட்காமல் செய்துகொண்டிருக்கின்றன.

இத்தனையும் தசையின் வேலை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். இரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் உட்பக்க அடுக்கு, ஒரே ஒரு செல் கனமுள்ள தாள். சுவருக்கு ஒட்டிய வால்பேப்பர் என்று அதைச் சட்டை செய்யாமல் விட்டார்கள். அந்த அலட்சியத்தை உடைத்தது ஒரு தவறு.

நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் பல்லாண்டாக முயலின் மகாதமனியைச் சுருள் பட்டையாக வெட்டி, திரவத்தில் தொங்கவிட்டு, மருந்து ஊற்றி, அது சுருங்குவதை அளந்து வந்தார். அசிட்டைல்கோலின் வகை மருந்தை ஊற்றினால் அவருடைய பட்டைகள் சுருங்கும். உயிருள்ள விலங்குக்குச் செலுத்தினாலோ நாளங்கள் விரியும். இந்த முரண்பாடு யாருக்கும் புரிபடவில்லை. 1978இல் ஆய்வு உதவியாளர் ஒருவர் செய்முறை வரிசையை மாற்றிச் செய்துவிட, தமனித் துண்டு சுருங்குவதற்குப் பதில் தளர்ந்தது. திட்டிவிட்டுத் திரும்பச் செய்யச் சொல்லியிருக்கலாம். ஃபர்ச்காட் துருவினார். முன்பெல்லாம் பட்டை வெட்டும்போது உட்பக்கம் வேறு பரப்பின் மேல் உராய்ந்து, அந்தத் தாள் செல்கள் உதிர்ந்துபோயிருந்தன. உராயாமல் வெட்டிய துண்டு தளர்ந்தது. அதையே வேண்டுமென்று தேய்த்தால் தளர மறுத்தது. பிறகு தேய்த்த துண்டின் மேல், உள்ளடுக்கு கெடாத இன்னொரு துண்டை சாண்ட்விச் போல முகத்தோடு முகம் வைத்தார். தேய்த்ததும் தளர்ந்தது. ஆக, அந்தத் தாள் ஏதோ ஒன்றைச் சுரந்து தசைக்குச் சேதி சொல்கிறது. 1980இல் இதை அச்சில் கொண்டுவந்தார். அந்தச் சேதி நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு. சில நொடிகளில் மறைந்துவிடும். 1998இல் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் நோபல் பரிசு. டைனமைட்டால் அந்தப் பரிசுக்குப் பணம் சேர்த்த ஆல்ஃபிரட் நோபலுக்கு, கடைசிக் காலத்தில் நெஞ்சுவலிக்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தது அதே டைனமைட்டின் மூலப்பொருளான நைட்ரோகிளிசரின். அது உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடைத் தருவதால்தான் வேலை செய்கிறது. நாக்குக்கடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரைகளும் அதே குடும்பம்தான். அது எந்த அடைப்பையும் கரைப்பதில்லை. சுவரைத் தளர்த்துகிறது, இதயத்தின் பாரம் குறைகிறது, வலி நிற்கிறது.

அந்தத் தாள் இன்னும் என்னென்ன செய்கிறது! இரத்தம் தன் மேல் உறையாமல் பார்த்துக்கொள்கிறது, காயம் பட்டால் உறையவும் வைக்கிறது. வெள்ளணுக்களுக்குக் கதவு திறப்பதும் அடைப்பதும் அது. இரத்தம் தன்னை உரசிக்கொண்டு ஓடும் விசையை உணர்ந்து, அதற்கேற்ப விரியச் சொல்கிறது. வேகமாக நடந்தால் நாளங்களுக்கு நல்லது என்பதன் உடலியல் காரணங்களில் இது முக்கியமானது. புகை, சர்க்கரை, உயர் அழுத்தம், மிகுந்த கொலஸ்டிரால் எல்லாம் முதலில் காயப்படுத்துவது இந்த அடுக்கைத்தான். அடைப்பு தெரிய வருவதற்குப் பல பத்தாண்டு முன்பே சேதம் தொடங்கிவிடுகிறது.

இப்போது அடைப்புக்கு வருவோம். மருத்துவர் வரைந்த மேடு கோட்டுக்கு உட்பக்கம், இரத்தம் ஓடும் வழியில் ஒட்டிக்கொண்டிருந்தது. உண்மையில் கொழுப்புப் படிவு இருப்பது சுவருக்குள்ளே, உள்ளடுக்குக்கு அடியில். அங்கே நுழைந்த கொழுப்பை விழுங்க வந்த வெள்ளணுக்கள், இடம்பெயர்ந்து வந்த தசைச் செல்கள், நார், சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்த ஓர் ஆறாத புண் அது. கஷாயம் குடித்தால் அதன் சத்து குடலில் செரித்து இரத்தத்தில் கலக்கலாம், ஆனால் காரைக்குள் இருக்கும் ஈரத்தைச் சுவருக்கு வெளியே தண்ணீர் அடித்துக் கழுவ முடியாது. எலுமிச்சைப் புளிப்பு இரத்தத்தைப் புளிக்க வைப்பதும் இல்லை. உடம்பு இரத்தத்தின் அமிலநிலையை மிகக் குறுகிய எல்லைக்குள் கட்டிக் காக்கிறது, அது பிசகினால் போக வேண்டிய இடம் தீவிர சிகிச்சைப் பிரிவு. இஞ்சி, பூண்டு மேல் எனக்குப் பகையில்லை, ரசத்தில் அவை இருக்கட்டும்.

சுவர் சும்மாவும் இருப்பதில்லை. 1987இல் சீமோர் கிளாகோவும் கூட்டாளிகளும் இறந்தவர்களின் இதயத் தமனிகளை அளந்து காட்டினார்கள்: படிவு வளர வளரத் தமனி வெளிப்பக்கமாகப் பருத்துக்கொள்கிறது. சுவரின் உள் எல்லைக்குள் அடங்கும் குறுக்குவெட்டுப் பரப்பில் 40 சதவீதம் அளவுக்குப் படிவு பிடிக்கும் வரை வழியின் அகலம் குறைவதே இல்லை. ஆஞ்சியோ படமோ வழியில் ஓடும் சாயத்தின் நிழல். அதில் சுவர் தெரியாது. ஆக, 'ஆஞ்சியோ கிளீன்' என்று பெருமூச்சு விடுகிறவரின் சுவருக்குள் புண் கணிசமாக இருக்கலாம். எண்பது பெர்சென்ட் என்று நடுங்குகிறவரின் படிவு கெட்டியான நார் மூடியோடு ஆண்டுக்கணக்கில் அசையாமலும் இருக்கலாம்.

மாரடைப்பு பெரும்பாலும் வருவது, படிவு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து வழியை மூடுவதால் இல்லை. புண்ணின் மேல்மூடி கிழிகிறது, உள்ளிருக்கும் கொழுப்பைத் தொட்ட இரத்தம் அங்கேயே உறைகிறது, நிமிடங்களில் வழி மூடுகிறது. 1988இல் வில்லியம் லிட்டில் குழுவினர், மாரடைப்புக்கு முன்பும் பின்பும் ஆஞ்சியோ எடுத்திருந்தவர்களை ஒப்பிட்டார்கள். புதிதாக அடைத்துக்கொண்ட 29 பேரில் 19 பேருக்கு அந்தத் தமனியில் முன்பு இருந்த சுருக்கம் 50 சதவீதத்துக்கும் குறைவு. சிறிய ஆய்வுதான். கடுமையாகச் சுருங்கிய ஓர் இடத்தைத் தனியே எடுத்தால் அதற்கு ஆபத்து அதிகம் என்பதும் மெய்தான். ஆனால் லேசான படிவுகள் ஒருவர் உடம்பில் பல. எந்த மூடி எப்போது கிழியும் என்று பெர்சென்ட் சொல்லாது.

குழாய்க் கொள்கையினரைக் கேட்க எனக்கு ஒரு கேள்வி உண்டு. அதே இரத்தம், அதே கொலஸ்டிரால், சிரையிலும் ஓடுகிறதே? காலின் சிரையில் இந்தப் படிவு ஏன் பிடிப்பதில்லை? அந்தச் சிரையை உருவி இதயத்தில் பைபாஸாகத் தைத்தால் மட்டும் ஏன் பிடிக்கிறது? தமனியின் அழுத்தத்தில் மாட்டிய சிரை தன் சுவரைத் தடிக்க வைத்துக்கொள்கிறது, பிறகு நோயும் வாங்கிக்கொள்கிறது. பத்தாண்டு போனால் அப்படித் தைத்தவற்றில் கிட்டத்தட்டப் பாதி அடைத்துவிடும். மார்புக்குள் ஓடும் தமனியை எடுத்து இதயத்தின் இடது முன் தமனியோடு தைத்தாலோ பத்தில் ஒன்பதுக்கு மேல் பத்தாண்டு கழித்தும் திறந்தே இருக்கிறது. அதன் உள்ளடுக்கு நைட்ரிக் ஆக்சைடைத் தாராளமாகச் சுரப்பது ஒரு காரணம். வெறும் குழாய் என்றால் எந்தத் துண்டைப் போட்டால் என்ன?

பலூன் வரலாறும் இதையேதான் சொல்லும். 1977 செப்டம்பரில் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலாக ஒரு மனிதரின் இதயத் தமனிக்குள் பலூனை ஊதினார். துணிச்சலான, அழகான வேலை. ஆனால் மூவரில் ஒருவருக்கு மாதக்கணக்கிலேயே மீண்டும் சுருங்கியது. கொழுப்பு திரும்ப வந்து சேரவில்லை. பலூன் கீறிய காயத்துக்குச் சுவர் தழும்பு வளர்த்தது. 1986இல் தாங்கு வலையாக ஸ்டென்ட் வந்தது. வலைக்குள்ளும் தழும்பு வளர்ந்தது. அதைத் தடுக்க மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. மருந்து தழும்போடு சேர்த்து அந்த ஒற்றைச் செல் தாளையும் வளரவிடாமல் தாமதித்ததால், மூடாத கம்பி மேல் இரத்தம் உறையும் ஆபத்து வந்தது. அதற்காகத்தான் ஸ்டென்ட் வைத்தவருக்கு இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரைகள். ஒவ்வொரு முறையும் பொறியாளர் குழாய்க்கு வைத்தியம் பார்த்தார், சுவர் உயிருள்ள பதிலைச் சொன்னது.

"அப்படியானால் ஸ்டென்டே வேண்டாமா?" என்று கேட்பார்கள். அந்த அபத்தத்தை நான் சொல்லவில்லை. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது வழி உறைந்த இரத்தத்தால் மூடிக்கிடக்கிறது. அந்த நேரத்தில் அது அப்பட்டமான அடைப்புதான், திறப்பது உயிரைக் காக்கும், நிமிடமும் பொன். நெஞ்சுவலி வியர்வையோடு வந்து நிற்காமல் இருந்தால் இந்தக் கட்டுரையை மடித்து வைத்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். இடது முதன்மைத் தமனியில் கடுமையான நோய், ஓய்விலும் வருகிற வலி, நாளுக்கு நாள் கூடும் வலி, இவையும் என் வாதத்துக்கு வெளியே.

என் வழக்கு சித்தப்பா போன்ற நிலையான நெஞ்சுவலிக்காரர்களைப் பற்றியது. அவர்களுக்கு மாரடைப்பையும் மரணத்தையும் தடுக்கவே அடைப்பை எடுக்கிறோம் என்று சொல்வதைத்தான் மறுக்கிறேன். 2007இல் வெளியான 'கரேஜ்' ஆய்வில் 2,287 பேர். பாதிப் பேருக்கு முழு மருந்தோடு ஸ்டென்டும், மீதிப் பேருக்கு மருந்து மட்டும். நாலரை ஆண்டு பார்த்தார்கள். மரணத்திலும் மாரடைப்பிலும் வித்தியாசம் இல்லை. 2020இல் 'இஸ்கீமியா' ஆய்வு, 37 நாடுகளில் 5,179 பேர். அதிலும் அடிப்படைச் செய்தி அதேதான். 2017இல் லண்டனில் ரஷா அல்-லாமி குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். 200 நோயாளிகளை மயக்கத்தில் வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், பாதிப் பேருக்கு வைத்தது போல நடித்தார்கள். ஆறு வாரம் கழித்து நடைப்பட்டையில் ஓடவிட்டால் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அதே குழுவின் 2023 ஆய்வில், வலிக்கான மருந்துகளை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது ஸ்டென்ட் வலியைக் குறைத்தது. ஆகவே வலிக்கு அது வைத்தியம்தான். வலிக்கு என்று சொல்லி வையுங்கள். 'வெடிகுண்டை வைத்துக்கொண்டு நடக்கிறீர்கள்' என்று சொல்லி வைக்காதீர்கள்.

மருந்துகள் காட்டும் சாட்சியம் இதற்குப் பொருந்துகிறது. 1994இல் ஸ்காண்டிநேவியாவில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் வகைக் கொலஸ்டிரால் மருந்து மரணத்தை 30 சதவீதம் குறைத்தது. ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்குத் திரும்ப ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தால் வழியின் அகலம் சொற்பமாகவே மாறியிருக்கும். படிவில் சுண்ணாம்பு கூடியும் இருக்கும். குழாய்க் கணக்குப்படி இது தோல்வி. உயிர்க் கணக்குப்படி வெற்றி, ஏனென்றால் புண்ணின் மூடி உறுதிப்பட்டுக் கிழியாமல் நிற்கிறது.

கடைசியாக ஒரு வாதம் வரும்: புறநோயாளிப் பிரிவில் நூறு பேர் வரிசையில் நிற்கையில் நைட்ரிக் ஆக்சைடைப் பற்றி வகுப்பெடுக்க முடியுமா, எளிமைக்காகக் குழாய் என்கிறோம், அதில் என்ன கெட்டுவிட்டது? கெட்டதை நான் பார்த்தேன். எங்கள் தெருவில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஒருவர் மூன்றாம் மாதமே மாத்திரைகளை நிறுத்திவிட்டார். "எல்லாம் கிளீன் பண்ணியாச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" சிகரெட்டையும் திரும்பத் தொட்டார். குழாய் என்று நம்புகிறவருக்கு அவர் கேள்வி முழு நியாயம்தான். பிளம்பர் வந்து போன பிறகு யார் தினமும் குழாய்க்கு மருந்து கொடுப்பார்கள்? ஐந்தாம் மாதம் அவரை ஆம்புலன்ஸில் ஏற்றினோம். பிழைத்தார், பாதி இதயத்தோடு.

சித்தப்பா அன்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் போனார். ஸ்டாட்டின், ஆஸ்பிரின், அழுத்த மாத்திரை, தினம் நடை. வலி வெகுவாகக் குறைந்தது. இரண்டாண்டு கழித்து மாத்திரையையும் மீறி வலி வந்தபோது ஸ்டென்ட் வைத்தார்கள், வலிக்கு என்று சொல்லியே வைத்தார்கள். மாத்திரையும் நடையும் இப்போதும் தொடர்கின்றன.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். நூறு பேர் நிற்கும் வரிசை எனக்கும் தெரியும், நேரம் கேட்கவில்லை. அந்தச் சீட்டின் பின்பக்கம் இரண்டு கோடு இழுக்கும்போது, ஒவ்வொரு கோட்டையும் கொஞ்சம் தடிமனாகப் போடுங்கள். குறுக்குக் கோடுகளை அந்தத் தடிமனுக்குள் போடுங்கள்.